சாய்த்துப் பார்க்கவேண்டிய படம்

சவத்தை அலங்கரிக்கும் முதியவர், இறந்தவரின் வலக்கையைத் தம் இடக்கையில் ஏந்திச் சிறு கத்தரியால் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டிய ஒவ்வொரு துண்டையும், பெட்டியில் உடன் வைப்பதற்கான சிறு சணல் பைக்குள் போட்டார். மோதிர விரலின் நகத்துண்டு மட்டும் கத்தரியிலிருந்து துள்ளி, விரித்திருந்த வெள்ளைத் துணியின்மேல் விழுந்தது. பிறைபோல் வளைந்து, மெல்லியதாய், ஓரம் கறுத்துக் கிடந்தது அது.

"அதை எடுத்துப் பையில போடும்மா," என்றார் முதியவர். "மகள்தானே நீ? நீயே போடலாம்."

இன்ஹே குனிந்தாள். அவளால் அதை எடுக்க இயலவில்லை. அவளுடைய நகங்கள் சதையை ஒட்ட வெட்டப்பட்டிருந்தன. பன்னிரண்டு ஆண்டுகளாக அவள் நகம் வளரவிட்டதில்லை. துணியோடு படிந்து கிடந்த அந்தத் துண்டு அவள் விரல்நுனியிலிருந்து இருமுறை நழுவியது. எதிர்ப்புறம் நின்றிருந்த அம்மா குனிந்து, தன் நகத்தால் நெம்பி எடுத்துப் பைக்குள் போட்டாள்.

"சிப்பி உடைக்கிற நகம்," என்றாள் அம்மா, யாருக்கோ சொல்வதுபோல. "இதுக்காவது உதவுச்சே."

முதியவர் பையின் வாயைச் சுருக்கிக் கட்டிவிட்டு, ஈரப் பஞ்சினால் முன்கையைத் துடைக்கத் தொடங்கினார். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வெளிறிய புள்ளிகள் சிதறிக் கிடந்தன.

"இதென்ன, அம்மைத் தழும்பா?"

"வெல்டிங் பொறி," என்றான் மின்தே. இன்ஹேயின் தம்பி, நான்கு வயது இளையவன். ஆனாலும் ஆண்மகன் ஆகையால், கொள்ளிக்குரியவன் அணியும் கோடிட்ட கைப்பட்டை அவனுடைய கறுப்புச் சட்டையில்தான் இருந்தது. "இருபத்தாறு வருஷம் வெல்டிங். எண்ணெய் எடுக்கிற மேடை கட்டுற யார்டு. கடல் நடுவுல நிக்குமே, அது."

"நிக்கிறது இல்லடா, மிதக்கிறது," என்று அம்மா திருத்தினாள். "உங்கப்பா கடைசியா செஞ்சது மிதக்கிறதுலதான். அதுதான் கஷ்டமாம். ராத்திரி தூக்கத்துல கூட அதையே சொல்லுவார்."

முதியவர் தலையசைத்தார். பின்னர், ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரலில் கூறினார்: "பெட்டிக்குள்ள வைக்க ஏதாவது இருந்தா இப்பக் குடுங்க. துணி, காகிதம், பூ வைக்கலாம். இரும்பு கூடாது. பிளாஸ்டிக் கூடாது. எரியும்போது உருகி எலும்புல ஒட்டிக்கும்."

அம்மா தன் பாவாடை மடிப்பிலிருந்து ஒரு சோடிப் பருத்திக் கையுறைகளை எடுத்தாள். வெல்டர்கள் தோலுறைக்குள் அணிவன. துவைத்து, மடித்து, இஸ்திரியும் போட்டிருந்தாள். அவற்றைக் கணவனின் கைகளுக்கருகே வைத்தாள்.

இன்ஹேயின் வலக்கை தோள்பைக்குள் போயிருந்தது. அதற்குள் பழுப்பு உறை ஒன்று இருந்தது. உறைக்குள் ஒரு முழ நீளமுள்ள எக்ஸ்ரே படத்தாள். பிளாஸ்டிக் என்னும் சொல்லைக் கேட்டதும் அவள் கையை வெளியே எடுத்துக்கொண்டாள். முதியவர் சணற்போர்வையை முகத்தின்மேல் மடித்தார்.

*

இன்ஹேயின் அப்பா ஓக் சிகோன் முந்தைய நாள் விடியலில், தூண்டிற்கோலோடு அலைதடுப்புச் சுவரில் போய் உட்கார்ந்தவர் எழவில்லை. அறுபத்தாறு வயது, இதயம் நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள், மீன் கடிக்கட்டும் என்று அசையாமல் இருக்கிறார் என்றே நெடுநேரம் எண்ணியிருந்தார்கள்.

தென்கொரியாவின் கோஜே தீவிலிருந்த அந்தச் சாவுமண்டபத்தில் பிற்பகல் முழுவதும் கூட்டம் குறையவில்லை. வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றி, வெண்செவ்வந்திகளுக்கு நடுவே இருந்த நிழற்படத்துக்கு இருமுறை விழுந்து வணங்கி, மின்தேக்கு ஒருமுறை வணங்கிவிட்டு, தாழ்வான மேசைகளில் வந்து அமர்ந்தார்கள். காரமான மாட்டிறைச்சிச் சூப்பும் சோறும் ஆவி பறக்க வந்துகொண்டேயிருந்தன. மூலையில் யார்டின் பழைய குழாய்ப்பட்டறை ஆட்கள் வட்டமாக உட்கார்ந்து சீட்டாடினார்கள். செத்தவரைத் தனியே விடாமல் சத்தமாக இருப்பது அவர்களுடைய மரியாதை.

இன்ஹே தட்டேந்திச் சூப்புக் கிண்ணங்களை வைத்துக்கொண்டு வந்தபோது, அந்த வட்டத்தின் நடுவில் இருந்த மேஸ்திரி யூன் அவள் மணிக்கட்டைப் பற்றினார். அவருக்கு எழுபது வயது. அப்பாவுக்கு வேலை கற்பித்தவர். இன்றும் ஆலோசகர் என்னும் பெயரில் யார்டுக்குள் போய்வருபவர்.

"இந்தப் பொண்ணு யாருன்னு தெரியுமில்ல?" என்று பக்கத்து மேசைக்குக் கேட்கும்படி சொன்னார். "அப்பன் போட்ட ஜாயிண்டையே 'கிராக்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டவ. கப்பலுக்குச் சொந்தக்காரக் கம்பெனியோட வெள்ளைக்காரன் பக்கத்துல நின்னு பாத்துட்டு என்ன சொன்னான் தெரியுமா? 'இந்தப் பொண்ணு கையெழுத்து இருந்தா நான் படத்தைப் பாக்கவே வேணாம்'னான்."

"பெரியப்பா, சூப்பு ஆறுது," என்றாள் இன்ஹே.

"ஆறட்டும். சிகோன் இதைச் சொல்லாத நாள் உண்டா? ரெண்டு கிளாஸ் உள்ள போனாப் போதும். 'என் மவ கண்ணு ஊசிக்கண்ணுடா. அப்பன்னும் பாக்கல, ஆண்டவன்னும் பாக்கல'ம்பான். கேட்டுக் கேட்டு எங்களுக்கே மனப்பாடம்."

"அவன் சீட்டுல ஏமாத்தும்போது மட்டும் அந்த ஊசிக்கண்ணைக் கூட்டிட்டு வரமாட்டான்," என்றார் ஒருவர், சீட்டைப் போட்டபடி. வட்டம் சிரித்தது.

"இப்பல்லாம் படத்தாளே கிடையாதாமே," என்றார் இன்னொருவர். "தகடு ஒண்ணை ஒட்டினா நேரா கம்ப்யூட்டர்ல விழுதாம். இவதான் கொண்டுவந்தாளாம். ஏம்மா, கம்ப்யூட்டருக்கு அப்பன் ஆத்தா உண்டா?"

"இல்ல, சித்தப்பா."

"அப்பப் பொழைச்சுது," என்றார் அவர்.

இன்ஹே கிண்ணங்களை வைத்துவிட்டு நகர்ந்தாள்.

அவர்கள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அந்த யார்டில், ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் நிறுத்துவதற்கான எண்ணெய்க் கப்பல் ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது. கடலின் ஆழம் அங்கே ஆயிரத்து நானூறு மீட்டர். இரும்புக் கால் ஊன்றி எந்த மேடையும் நிற்க இயலாத ஆழம். ஆகவே கப்பலே மேடையாக மிதந்துகொண்டு, கடலடிப் பாறையிலிருந்து எண்ணெயை உறிஞ்ச வேண்டும். அதனோடு வரும் வாயுவை மறுபடியும் பேரழுத்தத்தில் அந்தப் பாறைக்குள்ளேயே செலுத்த வேண்டும். அந்த வாயுக் குழாய்களின் சுவர் மூன்று விரல் தடிப்பு. அவற்றைப் பற்றவைக்க யார்டில் பதினெட்டுப் பேருக்குத்தான் உரிமை இருந்தது. ஒவ்வொருவருக்கும் ஓர் எண். சிகோனுடைய எண் இருநூற்றுப் பதினேழு.

ஒவ்வோர் இணைப்பையும் எக்ஸ்ரே எடுப்பார்கள். படத்தாளை விளக்குப்பெட்டியின்மேல் வைத்து, இன்ஸ்பெக்டர் படித்துக் கையெழுத்திட வேண்டும். ஒரே மாதத்தில் மூன்று இணைப்புகள் தவறினால், அந்த எண் வாயுக்குழாய்ப் பட்டியலிலிருந்து நீக்கப்படும். அந்த மாதம் சிகோனுக்கு இரண்டு தவறியிருந்தன. இரண்டும் வேறு இன்ஸ்பெக்டர்கள் கண்ட, உண்மையான சிறு துளைகள். மூன்றாவது படம் இன்ஹேயின் மேசைக்கு வந்தது. அவள் அந்த வேலையில் சேர்ந்து ஆறு மாதங்கள் ஆகியிருந்தன. அந்தப் பிரிவில் அவள் ஒருத்தியே பெண்.

படத்தின் ஓரத்தில் 217 என்னும் எண் வெண்மையாகத் தெரிந்தது. இணைப்பின் அடிவிளிம்பை ஒட்டி, கரிய மெல்லிய கோடு ஒன்று பிறைபோல் வளைந்திருந்தது. முதுகுக்குப் பின்னால் கப்பல்காரக் கம்பெனியின் ஆள் நின்றிருந்தான். அந்த எண் யாருடையது என்பது அவனுக்கும் தெரியும்.

எந்தக் கோட்டையும் குறை என்று எழுதுமுன், படத்தாளை விளக்கிலிருந்து எடுத்துச் சாய்த்து, அதன் மேற்பரப்பில் வெளிச்சம் வழுக்கி ஓடும்படி பார்க்க வேண்டும். கோடு இரும்பில் இருக்கிறதா, தாளில் இருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். இருட்டறையில் படத்தைக் கழுவ எடுக்கும்போது விரல்நகம் மடிந்து அழுத்தினாலும் அப்படி ஒரு பிறை விழும். இது முதல்நாள் பாடம். வேறு எவருடைய எண்ணாக இருந்திருந்தாலும் இன்ஹே சாய்த்துப் பார்த்திருப்பாள். அப்பாவின் எண்ணாக இருந்தமையால், மறுபடியும் பார்ப்பதே சலுகை காட்டுவதாகத் தோன்றிவிடுமோ என்று அஞ்சினாள். விரிசல் என்று எழுதிக் கையெழுத்திட்டாள். பேனாவை மூடும் ஒலிகூட அவளுக்கு நினைவிருந்தது.

ஒன்பதாம் நாள், படங்களை உறையிலிட்டு அடுக்கும்போது, மேலிருந்த குழல்விளக்கின் ஒளி தற்செயலாக அந்தத் தாளின்மேல் சாய்வாக விழுந்தது. பிறை பளபளத்தது. தாளின் தோலில் ஒரு நக வடு, அவ்வளவுதான். அன்று இருட்டறையில் படங்களைக் கழுவியவர்கள் மூவர், அவளும் ஒருத்தி.

அதற்குள் இணைப்பு அரைத்தெடுக்கப்பட்டு வேறொருவரால் மீண்டும் பற்றவைக்கப்பட்டிருந்தது. அப்பா, மேற்கு வாசலருகே சாரக்குழாய்களை எண்ணிக் கொடுக்கும் கிடங்குக்கு மாற்றப்பட்டிருந்தார். கப்பல்காரக் கம்பெனியின் ஆள் கூட்டமொன்றில் எல்லாரும் கேட்க இன்ஹேயைப் பாராட்டியிருந்தான். இந்த மாதம் முடியட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். பிறகு, இந்தக் கப்பல் புறப்படட்டும் என்று நினைத்தாள். கப்பலும் புறப்பட்டது. அப்பா ஆறாண்டுகள் சாரக்குழாய் எண்ணி, ஓய்வு பெற்றார். அவள் படிப்படியாக உயர்ந்து பிரிவின் தலைமைக்கு வந்தாள். படத்தாளே வேண்டாத புதுமுறையை மேலிடத்தோடு மூன்றாண்டுகள் வாதாடிக் கொண்டுவந்தாள். இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று கேட்டவர்களிடம், காலம் மாறுகிறது என்றாள். பழைய படங்களை, அவற்றில் பூசியிருக்கும் வெள்ளியைப் பிரித்தெடுக்க அனுப்பியபோது, ஒரே ஓர் உறையை மட்டும் தனியே எடுத்துக்கொண்டாள்.

யார்டு வாசலில் அப்பாவும் மகளும் பிரியும்போதெல்லாம் அவர் சொல்வது ஒன்றே: "கண்ணைப் பாத்துக்க." அவள் தலையாட்டிவிட்டுப் போவாள்.

*

வெயில் தாழும் வேளையில் மின்தே அவளைச் சமையற்கட்டுப் பக்கம் அழைத்தான். யூனும் கூட வந்தார்.

"அக்கா, காலையில வண்டி நேரா தகனத்துக்குப் போகாது. வழியில யார்டுல நின்னு விடைபெறணும். பெரியப்பா சொல்றது மூணாம் நம்பர் குழாய்ப்பட்டறை. ஆனா அலுவலகத்துல, 'அவர் கிடங்குலதான் ஓய்வு பெற்றிருக்கார், மேற்கு வாசல்ல வெளியே அஞ்சு நிமிஷம் நிறுத்திக்குங்க'ங்கிறாங்க."

"கிடங்கு வாசல்ல நிறுத்தறதுக்கு நிறுத்தாமலே போகலாம்," என்றார் யூன். "அவன் எங்க ஆளு. குழாய்ப்பட்டறை முன்னாடிதான் நிக்கணும். இன்ஹே, நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும். உன் பேருக்கு அங்க மறுப்பே கிடையாது."

"பாக்கறேன், பெரியப்பா."

"பாக்க என்ன இருக்கு? ஒரு ஃபோன்."

யூன் போனபின் மின்தே சுவரில் சாய்ந்து நின்றான். "ஒரு ஃபோன்தானே அக்கா. அன்னிக்கு உன் நேர்மைக்கு அப்பாதான் கெடைச்சார். இன்னிக்கு உன் பேர் அவருக்கு ஒரு தடவை கெடைக்கட்டும்."

அவன் குரலில் கோபம் இல்லை. பழகிப்போன ஏளனமே இருந்தது. பட்டறையின் பெரிய கதவுகளை அவளால் திறக்கச் செய்ய முடியும். எந்தக் கையெழுத்தால் அப்பா அந்தக் கதவுக்கு வெளியே போனாரோ, அதே கையெழுத்தின் மதிப்பால் அவரைப் பிணமாக உள்ளே கொண்டுபோக வேண்டும். அலைபேசியை எடுத்தாள், அதன் கறுத்த முகத்தைப் பார்த்தாள், பைக்குள் போட்டாள்.

அப்போதுதான் தோக்மான் வந்தார். அப்பாவுக்கு இரண்டு வயது இளையவர். குழாய்ப்பட்டறையில் அவருக்குத் துணையாக அரைப்பு வேலை செய்தவர். நிழற்படத்தின் முன் விழுந்தவர் எழ நெடுநேரம் ஆயிற்று. "அண்ணி," என்று அம்மாவின் கையைப் பற்றிவிட்டு, சீட்டாட்டக்காரர்களிடம் போகாமல், ஓரத்து மேசையொன்றில் தனியே அமர்ந்தார். இன்ஹே அவருக்குச் சூப்பும் சோஜு மதுப் புட்டியும் கொண்டுபோனாள்.

"உக்காரு," என்றார். "உன்கிட்டதான் பேசணும்."

அவள் எதிரில் மண்டியிட்டு அமர்ந்து, இரு கைகளாலும் புட்டியைப் பிடித்து அவர் கோப்பையை நிரப்பினாள். அவர் குடிக்கவில்லை.

"யூன் கதை சொல்லியிருப்பாரே."

"சொன்னார்."

"அந்த ஜாயிண்டை அரைச்சவன் நான். அது உனக்குத் தெரியாது." அவர் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு மில்லிமீட்டர் ரெண்டு மில்லிமீட்டரா அரைச்சு எறக்கிக்கிட்டே போனேன். கிராக்குன்னா ஏதாவது ஒரு எடத்துல கோடு தெரியணுமில்ல? கிராக்கைக் காட்டிக்குடுக்கிற சாயத்தை அடிச்சு அடிச்சுப் பாத்தேன். ஒண்ணுமில்ல. பாதி ஆழம் போயாச்சு, அப்பவும் ஒண்ணுமில்ல. கண்ணாடி மாதிரி இருந்துச்சு வேலை. 'அண்ணே, நிறுத்துவோம், இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டுக் காட்டுவோம்'னேன். சொன்ன அப்புறந்தான் இன்ஸ்பெக்டர் யாருன்னு எனக்கு உறைச்சுது."

இன்ஹே மேசையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. என் கையிலேர்ந்து மெஷினைப் புடுங்கிக்கிட்டார். முகக்கண்ணாடியைக்கூட எறக்கல. அடி வரைக்கும் அவரே அரைச்சு ஓட்டையே போட்டுட்டார். யார் வந்தாலும் பாக்க மிச்சம் ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு. அப்புறம் மெஷினை நிறுத்திட்டுச் சொன்னார், 'கிராக் இருந்துச்சுடா. அடியில இருந்துச்சு. நான் பாத்தேன். நீயும் பாத்தே.'"

மூலையில் யாரோ ஆட்டத்தை வென்றார்கள். சிரிப்பொலி எழுந்து அடங்கியது.

"உன்னைக் குத்தம் சொல்ல வரல," என்றார் தோக்மான். "நீ புதுசு. வெள்ளைக்காரன் பக்கத்துல நிக்கிறான். தெரியாம எழுதிட்டே. அதுக்கென்ன, யாருக்கும் நடக்கும். ஆனா அவர் உசுரோட இருக்கிற வரைக்கும் வாயைத் தெறக்கமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருந்தேன். இப்ப அவர் போயாச்சு. நீ என்ன செஞ்சேன்னு நீ தெரிஞ்சுக்க வேணாமா? நெஞ்சுல வெச்சுக்கிட்டே நானும் போய்ச் சேர முடியல."

தெரியாம எழுதிட்டே. இன்ஹேக்கு முன்னால் அந்தச் சொல் ஒரு மெத்தைபோல் விரிந்து கிடந்தது. அதன்மேல் விழுந்து அழுதால் போதும். இந்த மனிதர் அவள் முதுகைத் தடவிக் கொடுப்பார். சோஜு ஊற்றுவார். அப்பாவின் பெருந்தன்மையைப் பற்றி இருவரும் பேசலாம்.

"எனக்குத் தெரியும், சித்தப்பா," என்றாள்.

"எது?"

"கோடு இரும்புல இல்ல. படத்தாள்ல. யாரோட நகமோ பட்ட வடு."

"இப்பத் தெரியுமா?"

"ஒன்பது நாள் கழிச்சு."

"எந்த ஒன்பது நாள்?"

"கையெழுத்துப் போட்டு ஒன்பதாம் நாள்."

தோக்மான் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். இன்ஹே வழக்கம்போல் புட்டியை எடுக்கக் கை நீட்டினாள். அவர் அதைத் தம் பக்கம் நகர்த்திக்கொண்டு, தமக்குத் தாமே ஊற்றிக்கொண்டார். எதிரில் ஆள் இருக்கும்போது எவரும் செய்யாத செயல் அது. நீட்டிய கையை அவள் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவர் பயந்தது ஒண்ணே ஒண்ணுக்குத்தான்," என்றார் தோக்மான் கடைசியில். "இந்த விஷயம் என்னிக்காவது உனக்குத் தெரிஞ்சிடுமோன்னு. தெரிஞ்சா நீ தாங்கமாட்டேன்னு. அதுக்காகத்தான் குடிச்ச எடத்துலெல்லாம் உன்னைப் பத்திப் பெருமையடிச்சார். ஊரே நம்பினா நீயும் நம்பிடுவேன்னு." அவர் எழுந்தார். சூப்பைத் தொடவேயில்லை. "நீ நல்லாத்தான் தாங்கியிருக்கே."

வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளுக்கிடையே அவர் தம்முடையதைத் தேடுவதை இன்ஹே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே மாதிரியான கறுப்புச் செருப்புகள்; அவருக்கு நெடுநேரம் ஆயிற்று.

அம்மா வந்து மேசையைத் துடைத்தாள். "தோக்மான் சாப்பிடலையா?"

"இல்லம்மா."

"உங்கப்பாவுக்கும் அவருக்கும் ஏதோ இருந்துச்சு. கேட்டாச் சொல்லமாட்டார்." அம்மா ஆறிய கிண்ணத்தைக் கையில் எடுத்தாள். "உனக்குத் தெரியுமா?"

இன்ஹே வாயைத் திறந்தாள். அதற்குள் வாசலில் அடுத்த கூட்டம் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது. அம்மா கிண்ணத்தோடு விரைந்து போனாள்.

மின்தே தூரத்திலிருந்து, ஃபோன் செய்தாயா என்று கையால் கேட்டான். அவள் எழுந்து அவனிடம் போனாள்.

"மேற்கு வாசலே இருக்கட்டும்."

"கிடங்கு வாசலா?" அவன் முகம் மாறியது. "அப்பாவை அங்கத் தள்ளினதே..."

"ஆமா," என்றாள். "நான்தான். யூன் பெரியப்பாவை அவசியம் அங்க வரச்சொல்."

*

மறுநாள் காலை, பெட்டியை வண்டியில் ஏற்றுமுன், மண்டபத்தின் எழுதுமேசையில் அவள் ஒரு தாள் வாங்கி யார்டு அலுவலகத்துக்கு நான்கு வரிகள் எழுதினாள். படத்தின் எண், நாள், முதலில் தான் கண்டதாக எழுதியது, ஒன்பதாம் நாள் உண்மையில் கண்டது. அடியில் கையெழுத்திட்டாள். அடுத்த மாதம் கடலுக்குப் புறப்படவிருக்கும் வாயுக்கப்பலின் நாலாயிரம் இணைப்புகளுக்கு அந்தக் கையெழுத்தே சான்று. ஒன்று பொய் என்றால் மற்றவற்றை யார் நம்புவார்கள் என்று கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். தாளை மடித்து, பழுப்பு உறைக்குள் படத்தாளோடு வைத்தாள்.

வண்டி மேற்கு வாசலை அடைந்தபோது காலை வேலைக்காரர்கள் மிதிவண்டிகளிலும் மோட்டார் வண்டிகளிலும் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். வேலிக்கு அப்பால் சாரக்குழாய்கள் அடுக்கடுக்காகக் கிடந்தன. அவற்றுக்கும் அப்பால், வாயுக்கப்பலின் மேற்கட்டு குன்றுபோல் எழுந்து நின்றது. அதன் உச்சியில் பாரந்தூக்கி ஒன்று அசைவின்றி நின்றது. குழாய்ப்பட்டறை ஆட்கள் இருபதின்மர் பழைய வேலைச்சட்டை அணிந்து, தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வரிசையாக நின்றிருந்தார்கள். வரிசையின் கடைசியில் தோக்மான் நின்றார்.

மின்தே நிழற்படத்தை ஏந்தி இறங்கினான். வரிசை தலை தாழ்த்தியது. யூன் முன்னால் வந்து, தரையில் மூன்று முறை சோஜுவை ஊற்றினார்.

"பட்டறைக்குள்ள விடலடா உன்னை," என்றார் நிழற்படத்திடம். "உன் மவகிட்டச் சொன்னேன். அவ விதியை மீறமாட்டா. உன் வளர்ப்பு அப்படி."

இன்ஹே வண்டியை விட்டு இறங்கினாள். அம்மா சன்னலோரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இன்ஹே யூனின் முன்னால் வந்து, உறையிலிருந்து படத்தாளை எடுத்து, இரு கைகளாலும் நீட்டினாள்.

"என்னம்மா இது?"

"இருநூத்திப் பதினேழு. அந்த மூணாவது படம், பெரியப்பா."

"இதை எதுக்கு இந்த நேரத்துல..." யூன் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நாற்பது ஆண்டுப் பழக்கத்தில் படத்தை வானத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். "அதான் இருக்கே. கோடு தெளிவாத்தானே இருக்கு."

"அப்படிப் பாக்காதீங்க. சாய்ச்சுப் பாருங்க. வெளிச்சம் மேல படற மாதிரி."

அவர் அவளைப் பார்த்தார். பின்பு படத்தைத் தாழ்த்தினார். கிழக்கே கப்பலின் இரும்புக் கட்டுகளுக்கிடையிலிருந்து வந்த வெயில் கரிய தாளின்மேல் விழுந்து வழுக்கியது. வரிசையில் ஒருவரும் அசையவில்லை. தோக்மான் தலைக்கவசத்தை ஒரு கக்கத்திலிருந்து மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். ஐந்து நிமிடம் ஆகிவிட்டது என்று வாசற்காவலர் ஓட்டுநரிடம் கைகாட்டினார்; ஓட்டுநர் வண்டியை உயிர்ப்பித்தார்.

"என்னடா பாக்கறார் அவர்?" என்று சன்னலிலிருந்து அம்மா மின்தேயைக் கேட்டாள்.

யூன் தாளை முகத்தருகே கொண்டுபோனார். தூசி என்று எண்ணியவர்போல், கட்டைவிரலால் அந்த இடத்தை ஒருமுறை துடைத்தார். மீண்டும் சாய்த்துப் பார்த்தார். மீண்டும் துடைத்தார்.